சுவரை ஒட்டி நடந்தவர்

மலேசியாவின் தங்காக் ஊரில் துணிக்கடை வேலை போன பிறகு, ஜொகூர் பாருவுக்கு வெளியே ஓர் ஆய்வுக்கூடத்தில் எலிக்கூண்டு கழுவினேன். அங்கே ஆராய்ச்சி செய்த பெண்மணியை எலி டாக்டர் என்போம். மெலிந்தவர். அகலமான நடைபாதையிலும் சுவரில் தோள் உரசத்தான் நடப்பார்.

தினமும் எலிகளைத் திரும்பக்கூட இடமில்லாத குழாய்களில் அடைத்து வைப்பார். சில வாரங்கள் கழித்துப் பெரிய பெட்டியில் விட்டால், அவை நடுவுக்கு வராமல் ஓரத்திலேயே ஒண்டும்.

"பயத்தைப் பாத்துக்கிற இடம் மூளையில இருக்குண்ணே. அடைச்ச எலிக்கு அங்க உள்ள செல்லு மரம் மாதிரி கிளை விட்டுருச்சு" என்று மைக்ராஸ்கோப்பில் காட்டினார்.

"அடைக்கிறத நிப்பாட்டினா சுருங்கிடுமா, டாக்டர்?"

"அதைத்தான் பாக்கணும். கொஞ்ச எலிய குழாய்லேருந்து எடுத்து சும்மா விட்டு வச்சிருக்கேன்."

அப்போது அவருடைய கைப்பேசி அடித்தது. அவர் அப்படியே உறைந்துவிட்டார்.

"யாரு தொல்லை பண்றது?"

"இப்ப யாரும் இல்லண்ணே. புருஷன் வீட்ட விட்டு எப்பவோ வந்துட்டேன். அவரு செத்தும் போயிட்டாரு."

"செத்தவன் போன் பண்ண மாட்டான் லா!"

சிரித்தார். "எனக்குத் தெரியுது. உடம்புக்குத் தெரியலயே."

சும்மா விட்ட எலிகளில் சிலவற்றின் மூளையைச் சீவிப் பார்த்த அன்று, டாக்டர் வெகுநேரம் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலை நிமிரவில்லை. வாளியோடு நின்று கேட்டேன்: "சுருங்கிருச்சா?"

மைக்ராஸ்கோப் விளக்கை அணைத்தார். "மிச்சத்த இன்னும் கொஞ்ச நாள் விட்டுப் பாப்போம்ணே."

அது முடியுமுன் நான் வேறு வேலைக்குப் போய்விட்டேன். முடிவு என்னவென்று கேட்க இன்றுவரை துணிவு வரவில்லை.