வளர்கிற வால்வு

நண்பகலானால் இந்த ஜெர்மன் மருத்துவமனையின் நடைக்கூடத்தில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லாம் "மால்ட்சைட்" என்கிறார்கள். உணவு வேளை என்று பொருள். வந்த புதிதில், எங்கள் சிட்லபாக்கத்து 'சாப்டாச்சா'வைப் போலத்தான் இதுவும் என்று எண்ணி, "இன்னும் இல்லை, காலையில் தோசை சாப்பிட்டேன், நீங்கள்?" என்று நின்று பதில் சொன்னேன். அந்த மனிதர் திகைத்துப்போய் விலகி நடந்தார். அது வெறும் வணக்கமாம்.

நான் இதய அறுவை மருத்துவர். ஊரில் இருந்தபோது, சென்னைக் குடிசைகளை அகற்றிக் குடியேற்றிய பெரும்பாக்கம் குடியிருப்பிலிருந்து வந்த கவிதா என்ற சிறுமிக்குச் செயற்கை வால்வு பொருத்தினேன். பிள்ளை வளர்ந்தாள், வால்வு வளரவில்லை. மறுபடியும் அவள் நெஞ்சைத் திறக்க வேண்டியிருந்தது. அன்று அவள் அம்மா செல்வி என்னை வழிமறித்தாள். "இவ வளர்ந்துகினே கீறா. கூடவே வளர்ற மாதிரி ஒண்ணு செய்ய முடியாதா டாக்டரம்மா?" அந்தக் கேள்விதான் என்னை இங்கே கொண்டுவந்து சேர்த்தது.

காலையில் அறுவை அரங்கு, பிற்பகலில் ஆய்வுக்கூடம். உயிருள்ள திசுவால் செய்த வால்வை ஆட்டுக்குட்டிகளுக்கு வைத்துப் பார்க்கிறோம். முதலில் வைத்தவை இறுகிப்போயின. "கத்தியா, நுண்ணோக்கியா? ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்" என்றார் துறைத்தலைவர். மாட்டேன் என்றேன். மெதுவாகச் சொன்னால் யோசிக்கிறாள் என்று எடுத்துக்கொள்வார்கள், உரக்கவே சொன்னேன். விடுமுறையில் ஊருக்குப் போனபோது, மேடவாக்கத்துத் தனியார் மருத்துவமனையில் வேலை தர முன்வந்தவரும் அதையே கேட்டார். "ஆபரேஷன் மட்டும் பண்ணுங்க மேடம். ரிசர்ச்செல்லாம் நமக்கெதுக்கு?" அந்த 'நமக்கெதுக்கு'தான் பொறுக்கவில்லை. பெரும்பாக்கத்துப் பிள்ளைக்கு இல்லாத ஆராய்ச்சி வேறு யாருக்காம்? அவரிடமும் மாட்டேன் என்றேன்.

அதே விடுமுறையில், பழைய மருத்துவமனை அழைத்ததால், கவிதாவுக்கு மூன்றாம் முறையும் நானே அறுவை செய்தேன். தேறி எழுந்து உட்கார்ந்ததும் அவள் கேட்டாள்: "இப்ப வெச்சது வளர்ற வால்வா?"

"இல்லடா. இது பழைய மாதிரிதான், கொஞ்சம் பெருசு. அத இன்னும் ஆட்டுக்குத்தான் வெச்சுப் பாக்கறோம்."

கத்தியைப் பிடிப்பதைவிட இதைச் சொல்வது கடினமாக இருந்தது. அவள் முகம் சுருங்கியது. "ஆட்டக் காட்டுங்க" என்றாள்.

ஆய்வுக்கூடத்து உதவியாளரை வீடியோவில் அழைத்தேன். அவர் கொட்டகைக்குள் போய்க் காட்டினார். கம்பளி மழித்த மார்பில் நீளத் தழும்போடு நின்றது ஆடு. கவிதா தன் நெஞ்சுக் கட்டின்மேல் கை வைத்துக்கொண்டாள்.

"அதுக்கு வளர்ந்துச்சா?"

"வளர்ந்துது. இதுக்குத்தான் மொதல்ல."

"அப்பறம் இன்னா லேட்டு? சீக்கிரம் செய்யுங்க."

செல்வி எட்டிப் பார்த்தாள். "இது அவுங்க ஊரு ஆடா, நம்ம ஆடா டாக்டரம்மா?"

"நம்ம ஆடுதான்" என்றேன். திரையில் ஆட்டுக்குப் பின்னால், கொட்டகை ஜன்னலுக்கு வெளியே, பனி கொட்டிக்கொண்டிருந்தது.