பன்னிரண்டு மீட்டர் பட்டம்

அவனுடைய பட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்தான். அவன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான், நான் விட்டேன். போலீஸ் ஸ்டேஷனில் இதை அப்படியே சொன்னேன். சொல்லாமல் விட்டது வேறு.

தூத்துக்குடித் துறைமுகத்துக்குத் தெற்கே, கடலுக்கும் கழிமுகத்துக்கும் நடுவில் கிடக்கும் ஒரு மணல் திட்டில் நானும் தொழில் பங்காளி ஒருவரும் சேர்ந்து கைட்போர்டிங் சொல்லிக்கொடுக்கிறோம். இடுப்பில் கட்டிய பெல்ட்டில் பெரிய பட்டத்தின் கயிறுகளை மாட்டி, காலில் பலகையோடு, காற்று இழுக்கும் இழுப்பில் தண்ணீர் மேல் ஓடுவது. எங்கள் வீட்டில் எல்லாரும் கடைக்காரர்கள். கருப்பட்டி மண்டியை விட்டுவிட்டுப் பட்டம் விடப் போனவன் என்றுதான் அப்பா என்னைப் பற்றிச் சொல்லுவார்.

அவன் காயல்பட்டினத்துக்காரன். கல்லூரியில் மூன்று வருஷம் ஒரே பெஞ்சு. படித்து முடித்ததும் துபாய்க்குப் போனான். லீவு நாட்களில் அங்கே கடற்கரையில் கைட் ஓட்டக் கற்றுக்கொண்டு, நான் இந்தத் தொழிலில் இருப்பது தெரிந்ததும், போனில் அதைப் பற்றியே பேசினான். அந்த ஆடி மாதம் ஒன்றரை மாத லீவில் வந்தபோது தன் பட்டத்தையும் பையில் சுமந்து வந்திருந்தான். ஒரே ஒரு பட்டம். பன்னிரண்டு மீட்டர்.

பட்டத்தின் அளவைச் சதுர மீட்டரில் சொல்லுவோம். காற்று குறைவாக இருந்தால் பெரிய பட்டம், காற்று கூடக்கூடச் சின்னப் பட்டம். ஓட்டுகிறவரின் எடையையும் பார்க்க வேண்டும். அவன் எழுபது கிலோ சொச்சம். அந்த எடைக்குப் பன்னிரண்டு மீட்டர் பட்டம், துபாயில் மத்தியானத்துக்கு மேல் வீசும் மெல்லிய கடல்காற்றுக்குச் சரி. எங்கள் ஊர் ஆடிக் கச்சானுக்கு அது ஆகவே ஆகாது. கச்சான் என்று நாங்கள் சொல்லும் தென்மேற்குக் காற்று ஒரே சீராகவும் வீசாது. கொஞ்சம் ஓயும், பிறகு ஓங்கி அறையும். ஒன்பது மீட்டருக்கு மேல் யாரும் எடுக்கக்கூடாது என்பதை வருகிற எல்லாரிடமும் முதல் நாளே சொல்லிவிடுவேன். வாடகைக்கு எடுக்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பியும் இருக்கிறேன்.

அன்று காலை பத்து மணி இருக்கும். காற்று அளக்கிற கருவியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். இருபத்து நான்கு நாட் காட்டியது, மணிக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டர் போல. அறையும்போது முப்பதைத் தொட்டுவிட்டு இறங்கியது. பங்காளி இரண்டு மாணவர்களோடு தண்ணீரில் இருந்தார். எங்களிடம் இருந்த சின்னப் பட்டங்கள் அவர்களிடம். கொட்டகையில் இருந்தது ஒன்றே ஒன்று, என்னுடைய ஒன்பது மீட்டர். வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. நாலு தடவைதான் பறக்கவிட்டிருந்தேன்.

அவன் மணலில் கயிறுகளை விரித்துக்கொண்டே கேட்டான்.

"காத்து எவ்வளவு வருதுலே?"

"இருபத்தி நாலு."

முப்பதைச் சொல்லவில்லை.

"பன்னண்டு தாங்குமா?"

கூடாது என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அதைச் சொன்னால் அடுத்து, அப்படியென்றால் உன் ஒன்பதைக் கொடு என்று கேட்பான். இரண்டு நாளைக்கு முன்னால், காற்று குறைந்திருந்த நேரத்தில்தான் அவன் தன் பட்டத்தைச் சிப்பிப் பாறையில் விழவைத்துக் கிழித்திருந்தான். நானும் அவனும் உட்கார்ந்து ஒட்டுப் போட்டோம். புதுப் பட்டத்தை அவன் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. இவ்வளவுதான் விஷயம். இதற்கு மேல் பெரிய காரணம் எதுவும் இல்லை.

"பாரை நல்லா வெளிய தள்ளிப் புடிச்சா ஓட்டிரலாம். பாத்துக்கோ," என்றேன்.

பார் என்பது கையில் பிடிக்கிற கம்பு. தன் பக்கம் இழுத்தால் பட்டத்தின் வேகம் கூடும், தள்ளினால் குறையும். அவன் தலையாட்டினான். வெறும் தலையோடு நின்றான். என் ஹெல்மெட்டைக் கழற்றி அவன் தலையில் மாட்டி வாரை இறுக்கினேன். அதை மட்டும் கொடுத்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. பட்டம் ஏற்றுகிற இடத்தில் காற்று போகிற திசையில் நூறு மீட்டருக்கு ஒன்றுமே இருக்கக்கூடாது. அன்று காற்று மணல் திட்டோடு ஒட்டி வடகிழக்கே ஓடியது. அந்தப் பக்கம் மீன்பிடிப் படகுகளுக்காகக் கட்டிய தூண்டில் வளைவு, கடலுக்குள் நீளும் கருங்கல் குவியல். இன்னும் தெற்கே தள்ளிப் போயிருக்கலாம். வெயிலில் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு நடக்க இருவருக்கும் சோம்பல்.

பட்டத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிடித்திருக்கும்போதே என் குதிகால் மணலில் அரைத்தது. அவன் கட்டைவிரலைக் காட்டினான்.

பட்டம் வழக்கத்தைவிட வேகமாக மேலே போனது. அவன் உச்சிக்குக் கொண்டுவந்த நேரத்தில் காற்று அறைந்தது. பயந்தவன் என்ன செய்வானோ அதைச் செய்தான், பாரைத் தன் நெஞ்சோடு இழுத்துக்கொண்டான். ஒரு நொடியில் கால் மணலை விட்டு எழும்பிவிட்டது.

"பாரை விடுலே! விட்டுட்டுச் சிவப்பைத் தள்ளு!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். சிவப்புப் பிடியைத் தள்ளினால் பட்டம் கழன்று, இழுப்பு நின்றுவிடும். நாங்கள் முதல் பாடமாகச் சொல்லிக்கொடுப்பது அதைத்தான். அவன் ஒரு கையை எடுத்ததைப் பார்த்தேன். தள்ளினானா என்று தெரியவில்லை. ஒரு வீட்டு மாடி உயரத்துக்கு மேலே பக்கவாட்டில் பறந்துபோய்க் கல்லில் விழுந்தான். எல்லாம் மூன்று நாலு நொடி.

நான் போய்ச் சேர்ந்தபோது கண் திறந்திருந்தது. பட்டம் கல்லில் மாட்டிப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"கால் எங்கலே கெடக்கு?" என்று கேட்டான். இரண்டு காலும் அவன் முன்னாலேயே நீட்டிக் கிடந்தன.

பங்காளி கரைக்கு வந்ததும், அவனை அசைக்காமல் போர்டோடு சேர்த்துக் கட்டித் தூக்கினோம். தூத்துக்குடியில் ஒரு நாள் வைத்திருந்து மதுரைக்கு அனுப்பினார்கள். ஆப்பரேஷன் முடிந்து வெளியே வந்த டாக்டர், இடுப்புக்குக் கீழே இனி உணர்வு வராது என்றார். ஹெல்மெட் பிளந்திருக்கிறது, அது இல்லை என்றால் ஆளே இல்லை என்றும் சொன்னார்.

அவன் மனைவி வராந்தாவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதுவரை என்னோடு நேருக்கு நேர் பேசியதில்லை.

"அண்ணே, தலையில அத மாட்டிவிட்டதே நீங்கதானாம். ஒங்களாலதான் அவங்க உசுரோட கெடக்காங்க," என்றாள்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மறுத்துச் சொல்லவில்லை. போலீசிலும், "திடீர்னு காத்து ஏறிட்டு சார்," என்றேன். எழுதிக்கொண்டார்கள். அவனுடைய மாமனார் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார்.

அதற்குப் பிறகு ஏழு மாதம் வெள்ளிக்கிழமை தவறாமல் காயல்பட்டினம் போனேன். அவன் இருந்தது, அந்த ஊர் வழக்கப்படி, மனைவியின் வீட்டில். கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்குத் தூக்கி உட்காரவைப்பேன். தொழுகைக்குப் பள்ளிவாசல் வரைக்கும் சந்து சந்தாகத் தள்ளிக்கொண்டு போவேன். எதிரே வருகிறவர்கள் பைக்கை ஓரமாக நிறுத்தி வழிவிட்டு, இப்படி ஒரு கூட்டாளி யாருக்குக் கிடைக்கும் என்று என் காதில் விழும்படி சொல்லுவார்கள். அந்தப் பேச்சுதான் என்னைத் தின்றது. ஒரு வெள்ளிக்கிழமை அவனைக் கட்டிலில் கிடத்திய பிறகு சொல்லிவிட்டேன். முப்பதை மறைத்ததையும் சொன்னேன், ஒன்பதைக் கொடுக்க மனமில்லாமல் இருந்ததையும் சொன்னேன்.

அவன் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தபடி கிடந்தான்.

"ஒன்பது உள்ள இருந்தது எனக்குத் தெரியும்லே," என்றான். "கேட்டா நீ மூஞ்சியச் சுளிப்ப. அதான் கேக்கல."

"கேட்டிருந்தா குடுத்திருப்பேன்."

"குடுத்திருப்ப." முகத்தை என் பக்கம் திருப்பினான். "முப்பதுன்னு சொல்லியிருந்தா நானே ஏத்தியிருக்க மாட்டேன். அதைச் சொல்ல ஒனக்கு என்னலே?"

நான் அவன் காலடியில் கலைந்திருந்த போர்வையை இழுத்துவிட்டேன்.

"அவ தெனமும் தொழுது முடிச்சு ஒனக்காகத் துஆ கேக்குதா. அவகிட்ட நீயே சொல்லிரு."

பக்கத்து அறையிலிருந்து அவளைக் கூப்பிட்டான். கதவுத் திரைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். நான் மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். இரண்டாவது தடவை சொல்லும்போது எல்லாமே இன்னும் சின்னதாகவும் கேவலமாகவும் இருந்தது. ஒரு புதுப் பட்டத்துக்காக என்று நான் சொன்னபோது திரை லேசாக அசைந்தது. அவள் அழவில்லை. திட்டவும் இல்லை.

"டீ போட்டு வச்சிருக்கேன். குடிச்சிட்டுப் போங்க," என்றாள். பிறகு, "இனிமே வராதீங்க."

டீ வந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்க, வாய் சுடச்சுட முழுவதையும் குடித்துவிட்டு எழுந்தேன்.

மதுரையிலிருந்து வந்ததும் விட்டுவிடலாம் என்று நினைத்த தொழிலைத்தான் இன்னும் செய்கிறேன். எனக்கு வேறு எதுவும் தெரியாது. போன ஆடியில் ஒருவர் பதினொரு மீட்டர் பட்டத்தோடு வந்து நின்றார். முடியாது என்றேன். எத்தனையோ நாட்டில் ஓட்டியவன், நீ யார் எனக்குச் சொல்ல என்று கத்தினார். கருவியை அவர் முகத்துக்கு நேரே நீட்டி, அறைகிற காற்றின் எண்ணையே சத்தமாகப் படித்துக் காட்டினேன். கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போனார். அவர் கார் மறைகிற வரைக்கும் கருவியைக் கீழே இறக்காமல் நின்றேன்.

அவன் எப்போதாவது போன் செய்வான். நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை. அவனாகக் கூப்பிடும்போது அதிகம் பேசமாட்டான். படுக்கைப் புண் ஆறிவிட்டதா என்று கேட்பேன். ஆறுது, மறுபடியும் வருது என்பான். போன வாரம், கட்டிலிலிருந்து நாற்காலிக்கு இப்போது யார் தூக்கிவிடுகிறார்கள் என்று கேட்டேன்.

"முதல்ல பக்கத்து வீட்டாளுகளக் கூப்பிட்டுக்கிட்டிருந்தோம். இப்ப அவளே தனியாத் தூக்கிருதா," என்றான்.