எதிர்த் தரப்பில் என் பிள்ளைகள்

தொழிற்சங்கச் செயலாளர் வேலைக்குத் தோல் தடித்திருந்தால் போதும் என்பார்கள்; வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அது போதாது. மணலியில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் நிர்வாகத்தோடு மல்லுக்கட்டுகிறவன் நான். திருவொற்றியூரில் என் வீட்டுக்குள் நுழைந்தால் நான்தான் நிர்வாகம். பிள்ளை பெற்றவர்களுக்கு இந்தக் குழப்பம் புரியும்.

இரண்டு மணிச் சட்டம்

நைட் ஷிப்ட் முடித்து வந்து பகலில் தூங்குவேன். மதியம் இரண்டு மணி வரை வீட்டில் சத்தம் கூடாது என்பது சட்டம். ஒரு லீவு நாளில் ஏழு வயது காவ்யா என்னை உலுக்கி எழுப்பி, அந்தச் சட்டத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்றாள். எழுப்பியதே சட்ட மீறல் என்றேன். அவள் அசரவில்லை.

“நீ தூங்கசொல்ல நாங்க கம்முனு கீறோம். நீ வுடற கொறட்டைய யாரு கேக்கறது நைனா?”

வெளிநடப்பு

கீரை சாப்பிட்டால்தான் செல்போன் என்றாள் என் மனைவி செல்வி. ஐந்து வயது நித்தின் தட்டைத் தள்ளிவிட்டு வாசற்படியில் போய் உட்கார்ந்தான். காவ்யாவும் பின்னாலேயே போனாள். அவளுக்குக் கீரை பிடிக்கும், தட்டைக்கூடக் காலி செய்திருந்தாள். நீ ஏன் போகிறாய் என்று கேட்டேன். ஒருத்தர் வெளியே போனால் எல்லாரும் போக வேண்டும் என்று நான்தான் போனில் யாரிடமோ சொன்னேனாம். சிரிப்பதா, அதட்டுவதா என்று தெரியாமல் நின்றேன். செல்வி முறைத்தாள்.

“நீயும் போய் அவங்களோட குந்திக்கோ.”

காலிப் பின்பக்கம்

போன வாரம் இருவரும் ஒரு தாளோடு வந்தார்கள். கீரை சாப்பிடுகிறோம், செல்போன் கேட்கமாட்டோம், இரண்டு மணி வரை வாயே திறக்கமாட்டோம். பதிலுக்கு ஒன்றே ஒன்று: ஞாயிற்றுக்கிழமை நான் ஓவர்டைம் போகக் கூடாது, தூங்கக் கூடாது, அவர்களோடு இருக்க வேண்டும்.

எதிர்த் தரப்பு எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தால் உடனே கையெழுத்துப் போடாதே, உள்ளே ஏதோ இருக்கிறது என்று சங்கத்தில் புதிதாகச் சேருகிறவர்களிடம் சொல்வேன். அந்தப் பழக்கத்தில் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் காலியாக இருந்தது. கலந்து பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றேன். காவ்யாவின் முகம் வாடிவிட்டது. நித்தின் என் லுங்கியைப் பிடித்து இழுத்தான்.

“சீக்கிரம் பேசிட்டுச் சொல்லு நைனா, ஞாயித்துக்கெயம வந்துகினே கீது.”

ஊருக்கெல்லாம் எது எதையோ போராடி வாங்கிக் கொடுத்தவன், பெற்ற பிள்ளைகள் என்னையே கேட்டபோது வாய்தா கேட்டேன்.