ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குச் சிங்கப்பூர்

மாத்தளை பஸ் நிலையத்தில் டைம்கீப்பர் வேலை என்றால், மற்றவர்களை ஊர் ஊராக அனுப்பிவிட்டு நாம் அதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பது. இருபத்திரண்டு வருடமாக அந்த வேலையைக் குறையில்லாமல் செய்துவருகிறேன். கண்டி பஸ், பல்லேபொல பஸ், லக்கல பஸ் எல்லாம் என் விசிலுக்குத்தான் நகரும். நான் மட்டும் கொழும்பைத் தாண்டி எங்கும் நகர்ந்ததில்லை. அப்பேர்ப்பட்ட ஆசாமி போன மாதம் சிங்கப்பூருக்கு டிக்கெட் எடுத்தேன். சனிக்கிழமை போய் இறங்குவது, திங்கட்கிழமை திரும்பி ஏறுவது. இடையில் ஒரே ஒரு ஞாயிறு.

வீடு கட்டவும் பிள்ளையைப் படிக்கவைக்கவும் போன என் மனைவி சிங்கப்பூரில் இருக்கிறாள். ஆறு வருடமாக ஒரு வீட்டில், படுத்த படுக்கையாகக் கிடக்கும் ஒரு சீனக் கிழவியைப் பார்த்துக்கொள்கிறாள். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை ஒப்பந்தம் முடியும். ஒரு மாத லீவில் வருவாள். நாங்கள் ஒருவரை ஒருவர் பழகிக்கொள்வதற்குள் லீவு முடிந்துவிடும். இந்த முறை அந்த லீவும் இல்லை. கிழவிக்கு உடம்பு மோசமாக இருப்பதால், ஊருக்குப் பிறகு போகலாம், இப்போதே அடுத்த இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிடு என்று வீட்டுக்கார அம்மா கேட்டிருக்கிறார். கையெழுத்துக்கு வைத்த நாள் திங்கள். அவளுக்கு ஓய்வு நாள் ஞாயிறு மட்டும். காலை ஒன்பது மணிக்கு வெளியே விடுவார்கள், இரவு எட்டுக்கு உள்ளே இருக்க வேண்டும்.

ஆகவே என் திட்டம் மிக எளிமையானது. அந்தப் பதினொரு மணி நேரத்துக்குள் எங்கேயாவது, "கையெழுத்துப் போடாத, வீட்டுக்கு வந்துரு" என்று சொல்லிவிட வேண்டும்.

"அத போன்ல சொன்னா என்னப்பா?" என்று என் மகள் கேட்டாள். அவள் பள்ளியில் கடைசி வகுப்பு, ஏ/எல் படிக்கிறாள். கேள்வி கேட்பதற்காகவே அரசாங்கம் அவளுக்கு இலவசப் புத்தகம் கொடுத்து வளர்த்திருக்கிறது.

சொல்ல முடியாது. ஆறு வருடமாக நான் போனில் பகிடி மட்டும்தான் விட்டிருக்கிறேன். முதல் மாதம் அவள் போனை எடுத்ததும் அழுவாள். அழுகையை நிறுத்த எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அதுதான். எந்தக் கொண்டக்டர் எந்த ஆச்சியிடம் ஏச்சு வாங்கினான், எந்த பஸ்ஸில் சேவல் கூடையை விட்டு எழும்பியது என்று தினமும் ஏதாவது சொல்வேன். அவள் கிழவி எழுந்துவிடாமல் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அந்தப் பொத்திய சிரிப்பைக் கேட்டுவிட்டால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கும். இப்படி ஆறு வருடம் சிரிக்கவைத்த வாயால், திடீரென்று ஒரு நாள், உன்னை விட்டு என்னால் முடியவில்லை என்று எப்படிச் சொல்வது? அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டால்?

இன்னொன்றும் உண்டு. போனில் அவளுக்குக் கால் இல்லை. முகம் இருக்கிறது, தோள் இருக்கிறது, பின்னால் அந்த வீட்டுச் சமையலறையின் வெள்ளை மாபிள் சுவர் இருக்கிறது. மாபிளில் எந்தக் கல் கீறியிருக்கிறது என்பதுகூட எனக்குத் தெரியும். ஆனால் அவள் நடப்பதைப் பார்த்து இரண்டு வருடமாகிறது. சந்தைக்குப் போனால் எப்போதும் எனக்கு நாலு அடி முன்னால் போய், திரும்பிப் பார்த்து, "ஏங்க, காலுக்கு என்ன சுளுக்கா?" என்பாள். அந்த நாலு அடி தூரத்தில் பின்னால் நடக்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது. ஐம்பத்திரண்டு வயதில் இதை யாரிடம் சொல்ல முடியும்?

டிக்கெட் கைக்கு வந்த அன்றிலிருந்து நடுராத்திரியில் எழுந்து பாஸ்போர்ட் இருக்கிறதா என்று எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ் நிலையத்துக்கு எதிரே ஏலம், கறுவா, மிளகு விற்கும் முஸ்லிம் அண்ணன் ஒருவர் இருக்கிறார்; எல்லாருக்கும் அவர் நானா. வியாபார விஷயமாக ஒரே ஒரு தடவை சிங்கப்பூர் போய் வந்தவர். அதற்குப் பிறகு அந்த நாட்டுக்கே அவர்தான் தூதுவர். தைரியம் கேட்கப் போனேன்.

"தம்பி, ரயில்ல தண்ணி குடிச்சாலும் பைன் அடிப்பானுகள்," என்றார்.

"வெத்தில நானா?"

"வெத்திலய நெனச்சாலே பைன். ஒங்கட பல்லப் பாத்தாலே ஏர்போர்ட்ல ஓரமா நிக்கச் சொல்லுவானுகள்."

"தங்குறதுக்கு எடம்?"

நானா தராசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். "அங்க எடத்த விக்கிறதே கிராம் கணக்குலதான்."

அவர் சொன்னது பொய்யில்லை. அன்று மாலை மகள் போனில் ஹோட்டல் தேடினாள். ஓர் இரவுக்கு அவர்கள் கேட்ட தொகையைப் பார்த்து, கட்டிலோடு சேர்த்து வீட்டுக்குக் கொண்டுவரலாமா என்று விசாரிக்கச் சொன்னேன். கடைசியில் எங்களுக்குக் கட்டுப்படியான ஒன்று அகப்பட்டது. சுவரில், மேசையில் இழுத்து மூடும் லாச்சி மாதிரி வரிசையாகப் பெட்டிகள். ஒரு பெட்டிக்குள் ஒரு மனிதர் கால் நீட்டிப் படுக்கலாம்.

"அப்பா, உள்ள லைட் இருக்கு, ஃபேன் இருக்கு, போன் சார்ஜர் கூட இருக்கு."

"சாம்பிராணி இருக்கான்னு பாரு மவளே."

"ரெண்டு நாளுதானப்பா."

"பொட்டிக்குள்ள வெக்கிறப்ப எல்லாரும் அதத்தான் சொல்லுவாங்க, வாழ்க்க ரெண்டு நாளுதான்னு."

சிரித்தாள். நானும் சிரித்தேன். அதற்குள் அவள் பணத்தைக் கட்டிவிட்டாள். லாச்சி உறுதியாயிற்று.

பிறகு ஞாயிற்றுக்கிழமைக்கு நேர அட்டவணை போட உட்கார்ந்தேன். என் கைக்கு வேறு வேலை தெரியாது. பஸ்களுக்கு எழுதும் பழைய தாள் ஒன்றை எடுத்தேன். புறப்படும் இடம், சேரும் இடம், நேரம், தாமதத்துக்கான காரணம் என்று அதில் கட்டங்கள் இருக்கும். ஒன்பது மணி, ரயில் நிலையத்தில் சந்திப்பு. ஒன்பது பத்து, தேநீர். பத்து மணி, கோயில். பன்னிரண்டு, சாப்பாடு. இரண்டு மணி, கடற்கரை. எல்லாம் ஒழுங்காக விழுந்தது. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தை எந்த நேரத்துக்குப் போடுவது? தேநீரோடு சொன்னால் மீதி நாள் முழுக்க அழுகையாகிவிடும். சாப்பாட்டோடு சொன்னால் சாப்பிட மாட்டாள். கடற்கரையில் சொல்லலாம் என்றால், கடற்கரையில் எல்லா ஆண்களும் அப்படித்தான் ஏதாவது உளறுவார்கள், நம்ப மாட்டாள். மாலை ஏழு மணிக்குத் தள்ளிப் போட்டேன். ஏழுக்குச் சொன்னால் எட்டுக்கு அவள் உள்ளே போய்விடுவாள், பதில் வராது. அந்த வாக்கியத்தை எழுதி, அழித்து, எழுதி, தாளில் ஓட்டை விழுந்துவிட்டது. இரண்டு மாவட்டத்துக்குப் பஸ் விடத் தெரிந்தவனுக்கு ஒரு வாக்கியத்தை விட நேரம் கிடைக்கவில்லை.

இந்த அழகில்தான் பார்சல் வரத் தொடங்கியது.

எங்கள் பக்கத்தில் தபாலைவிட பஸ்ஸைத்தான் நம்புவார்கள். லக்கல பக்கம் ஒரு நாளைக்கு ஓடுவதே சில பஸ்கள். ஆகவே மருந்தோ, மகனுக்குச் சட்டையோ, எதுவானாலும் ஒரு பையில் கட்டி, பெயரை எழுதி, கொண்டக்டர் கையில் கொடுத்துவிட்டால் போய்ச் சேர்ந்துவிடும். எடுக்க ஆள் வரும்வரை அது என் மேசைக்குக் கீழே இருக்கும். இத்தனை வருடத்தில் ஒரு பார்சலும் தொலைந்ததில்லை. அதுவே எனக்கு வினையாயிற்று. டைம்கீப்பர் சிங்கப்பூர் போகிறார் என்ற செய்தி, நான் விசில் ஊதி அனுப்பிய பஸ்களிலேயே ஏறி ஊர் ஊராகப் போய்விட்டது. அந்த நகரத்தில் வேலை செய்யும் பெண்கள் உள்ள வீடுகளுக்கெல்லாம் நானே ஒரு பஸ் ஆகிவிட்டேன்.

முதலில் லக்கல பக்கத்துப் பல்லேகமவிலிருந்து, ரொட்டி சுடக் குரக்கன் மா வந்தது. மறுநாள் கித்துள் கருப்பட்டி. பிறகு எஸ்டேட்டிலிருந்து ஒரு தாயார் நேரில் வந்து ஒரு போத்தல் ஊறுகாய் கொடுத்தார். மூடி இறுக்கமாக இல்லை. பையின் மேல் விலாசம் எழுதியிருந்தது: மகளின் பெயர், அதற்குக் கீழே "சிங்கப்பூர்".

"அக்கா, சிங்கப்பூர்ல எங்க?"

"அங்கதான் தம்பி. வீட்டுக்கார அம்மா கண்ணாடி போட்டிருப்பாங்க."

வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. கை தானாக நீண்டு வாங்கி மேசைக்குக் கீழே வைத்தது. ஒரு வாரத்தில் ஒன்பது பார்சல். நானாவிடம் கடன் வாங்கிய பெட்டியில் அடுக்கிப் பார்த்தபோது, எனக்கு உடுத்த ஒரு சாரமும் பல் துலக்க ஒரு பிரஷும் வைக்க மட்டும் இடம் மிஞ்சியது. மனைவிக்கென்று நான் எதுவும் எடுத்து வைத்திருக்கவில்லை என்பது அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. யார் யாருக்கு எங்கே கொடுப்பது என்று அட்டவணையில் திருத்தம் போட்டுக்கொண்டிருந்தேன். கோயிலை எடுத்துவிட்டுக் கருப்பட்டியைப் போட்டேன். கடற்கரையை எடுத்துவிட்டு ஊறுகாய்.

புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது, மாலை ஆறரைக்கு அவள் போன் வந்தது. அங்கே ஒன்பது மணி, கிழவி தூங்கும் நேரம். அவள் முகம் சிரிக்கவில்லை.

"ஏங்க, நீங்க இங்க யாரப் பாக்க வர்றீங்க?"

"பிரதமர. நேரம் இருந்தா ஒன்னையும் பாக்கலாம்னு."

"இன்னைக்கு ஒருத்தி கூப்பிட்டு, அக்கா, ஒங்க வீட்டுக்காரர் எனக்கு மாக் கொண்டுட்டு வர்றாராமேன்னு சொல்றா. அடுத்து இன்னொருத்தி, கருப்பட்டியாம். எத்தன பேருக்கு எடுத்திருக்கீங்க?"

"ஒம்போது."

"ஒம்போது பேரும் ஒம்போது மூலையில இருக்காளுக. ஒருத்திக்கு ரெண்டு மணிக்கு மேலதான் லீவு. ஒருத்திய வாசலுக்கே விட மாட்டாங்க. என்னோட ஒரு ஞாயித்துக்கெழமைய நீங்க ஊருக்கெல்லாம் பிரிச்சுக் குடுத்துட்டீங்களா?"

"லோங் பஸ்ஸு இல்லம்மா நானு. எல்லா பஸ் ஹோல்ட்லயும் நிப்பாட்டி நிப்பாட்டித்தான் வருவேன்."

நல்ல பகிடிதான். வேறு நாளாக இருந்தால் ஒரு நிமிடம் சிரித்திருப்பாள். அவள் வாயைப் பொத்தவில்லை. கன்னத்தை உள்ளங்கையால் துடைத்துவிட்டு, "நான் அன்னைக்குப் போடுறதுக்கு ஒரு சாறி அயன் பண்ணி வச்சிருக்கேங்க. ரெண்டு வாரமாச்சு," என்றாள்.

மாபிளில் அந்தக் கீறல் விழுந்த கல் தெரிந்தது. வேறு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு என் வாயிலிருந்து, அட்டவணையில் எந்த இடத்திலும் பொருந்தாத அந்த வாக்கியம் வந்து விழுந்தது.

"கையெழுத்துப் போடாத. வீட்டுக்கு வந்துரு."

கிழவியின் அறைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

"இதுவும் பகிடியாங்க?"

"இல்ல."

"பகிடி விட்டுட்டும் நீங்க இப்பிடித்தான் இல்லன்னு சொல்லுவீங்க."

"இல்லம்மா. நெசமாத்தான்."

"நம்ம பிள்ளயோட படிப்பு?"

"வீடு கட்டி முடிஞ்சிருச்சு. என் சம்பளத்துல சமாளிப்போம். முடியலன்னா பல்ல வித்துருவேன், நானா வாங்கிக்கிறேன்னு..."

சொல்லி முடிப்பதற்குள் நாக்கைக் கடித்துக்கொண்டேன். பார்த்தீர்களா? அந்த இடத்தில்கூட என் வாய் சும்மா இருக்கவில்லை. அவள் மூக்கை உறிஞ்சினாள். சிரித்தாளா அழுதாளா என்று அந்தச் சின்னத் திரையில் கண்டுபிடிக்க முடியவில்லை.

"இங்க பாருங்க," என்றாள். குரல் சந்தையில் விலை பேசும் குரலாக மாறியிருந்தது. "அவளுகள எல்லாம் காலைல ஒம்போதரைக்கு ஸ்டேசன் வாசலுக்கு வரச் சொல்றேன். வர முடியாதவளுகளுக்கு அடுத்த வாரம் நானே குடுக்குறேன். பத்து நிமிசம். பொட்டியக் காலி பண்ணிடணும். அதுக்கப்புறம் யாரு கூப்பிட்டாலும் நீங்க திரும்பக் கூடாது."

"சரி."

"ஸ்டேசன்ல தமிழ்லயும் சொல்லுவாங்க, பயந்துக்க வேணாம்."

"நான் எங்க பயந்தேன்?"

"நேத்து ராத்திரி பாஸ்போர்ட்ட எத்தன தடவ எடுத்துப் பாத்தீங்க?"

மகள் போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

"அப்புறம், இப்ப சொன்னீங்கல்ல, அத போன்ல என்னால நம்ப முடியலங்க. ஆறு வருசமா ஒங்க சத்தத்தக் கேட்டாலே எனக்குச் சிரிப்பு வருது. ஞாயித்துக்கெழம என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. சிரிக்காம சொல்லுங்க. அதுவரைக்கும் நான் எதுலயும் கையெழுத்துப் போட மாட்டேன்."

போனை வைத்துவிட்டாள்.

மகள் கதவருகில் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்று முகம் சொன்னது.

"அப்பா, ஒங்களுக்குச் சிரிக்காம சொல்ல வருமா?"

"ஏன் வராது? டைம்கீப்பர் வேலைக்கு எடுக்கிறப்பவே அதத்தான் பரீட்ச வச்சாங்க."

"எங்க, என்கிட்ட சொல்லிக் காட்டுங்க. நான்தான் அம்மா."

கையைக் கட்டிக்கொண்டு எதிரே நின்றாள். முதல் தடவை சொன்னபோது இருவருக்கும் சிரிப்பு வந்தது. இரண்டாம் தடவை அவள் மட்டும் சிரித்தாள். மூன்றாம் தடவை நான் சட்டைப் பொத்தானைச் சரிசெய்து, கண்ணை அவள் கண்ணில் வைத்து, "வந்துரும்மா. நீ இல்லாம எங்க ரெண்டு பேருக்கும் முடியல," என்றேன்.

"எங்க ரெண்டு பேருக்கும்" என்பது நான் யோசித்து வைத்ததில்லை. எப்படியோ வந்துவிட்டது.

மகள் கட்டியிருந்த கையை அவிழ்த்தாள். எட்டி, நான் சரிசெய்த அதே பொத்தானைத் தானும் ஒரு தடவை சரிசெய்தாள்.

"இப்பிடியே சொல்லுங்கப்பா," என்றாள்.