ஃபிரீசரில் வைத்த ஊசி மருந்து

சென்னை ஆஸ்பத்திரியில் உறையவைத்திருந்த எங்கள் கருவை என் மனைவியின் கருப்பையில் வைத்து ஊருக்கு அனுப்பினார்கள். அது தங்குவதற்குத் தினமும் மாலை எண்ணெய் போன்ற ஹார்மோன் ஊசி போட வேண்டும். எங்கள் ஊரான அம்பாசமுத்திரத்தில் நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை.

கருவே ஐஸில்தானே இருந்தது என்று மருந்தையும் ஃபிரீசரில் வைத்த விஞ்ஞானி நான். மறுநாள் பார்த்தால் கட்டியாகிக் கிடந்தது. அவளிடம் சொல்லப் பயம். எஸ்.டி.டி. பூத்துக்குள் நின்று சென்னை டாக்டரிடம் அழுதேன். “அதைப் போடாதீங்க, புதுசு வாங்குங்க” என்றார்.

மருந்துக்கடை அண்ணாச்சியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

“என்னவே, எண்ணெய் மருந்த ஐஸ்லயா வைக்கது? இத்தன நாளும் ஒத்தையிலயா முழிச்சுக்கிட்டு இருந்தீரு?” என்றவர், திருநெல்வேலி பஸ்ஸில் மருந்தை வரவழைத்தார். அன்று மாலை ஊசி தவறவில்லை.

கரு தங்கவில்லை. ஊசி காரணமில்லை என்றார் டாக்டர்.

இப்போது எந்த மருந்தானாலும் அட்டையைப் படித்துவிட்டுத்தான் வைக்கிறேன். முன்பு ஊசி போட்ட அதே மாலை நேரத்தில் தினமும், வாங்க ஒன்றுமில்லாவிட்டாலும், அண்ணாச்சி கடையில் போய் உட்காருகிறேன்.