வாய் வேண்டாம் என்றது, கை கேட்கவில்லை

எங்கள் தையல் ஆலையில் மருத்துவமனை உடுப்புகளுக்குத் துணி வெட்டுபவர் மாஸ்டரக்கா. கட்டிங் மாஸ்டர் என்றால் ஆம்பளைதான் என்று நினைத்து, அவரிடமே வந்து "மாஸ்டர் எங்கம்மா?" என்று கேட்டு மூக்குடைபட்டவர்கள் உண்டு. அடுக்கி விரித்த துணிமேல் மின்கத்தியை ஓட்டினார் என்றால் கோடு பிசகாது. பேச்சும் அப்படித்தான், நேராகப் போய் வெட்டும்.

அப்படி வெட்டிய வலது கை ஒரு நாள் ஆட ஆரம்பித்தது. மடியில் சும்மா கிடக்கும்போதே விரல்கள் எதையோ உருட்டுவதுபோல் நடுங்கின. டாக்டர் பரிசோதித்துவிட்டு, மூளையில் டோபமின் என்கிற பொருள் குறைந்துவிட்டது, அதன் வேலையைச் செய்கிற மாத்திரை தருகிறேன் என்றார். நடுக்கம் மாத்திரைக்கு நன்றாகவே கேட்டது. அக்கா மேசைக்குத் திரும்பினார்.

மாத்திரையின் அளவைக் கூட்டிய பிறகுதான் புதுப் பாடு ஒன்று தொடங்கியது. சாப்பிட்டு எழுந்த கையோடு ரொட்டிப் பொட்டலத்தைப் பிரிப்பார். ரொட்டி தீர்ந்தால் ஜாம், ஜாம் தீர்ந்தால் வெறும் சர்க்கரை. ஆலையில் கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு பிஸ்கட் தின்றதை அவரே பின்னால் எங்களிடம் சொன்னார். உடம்பு ஊதியது. மேலங்கியின் பட்டன் மாட்டவில்லை. "கை நின்னுச்சு, வாய் ஆரம்பிச்சிருச்சு" என்று முதுகுக்குப் பின்னால் சிரித்தவர்களில் நானும் உண்டு.

அவர் கணவர் பஸ் ஓட்டுநர். நல்ல மனுஷர், ஆனால் கவலை வந்தால் பேசமாட்டார், ஏதாவது செய்துவிடுவார். ஒரு விடுமுறை நாளில் சமையலறை அலமாரிக்குப் பூட்டு போட்டு, சாவியைத் தன் தங்கையிடம் கொடுத்துவிட்டார். அந்த நாத்தனார் அவர்களோடுதான் இருந்தாள்.

"சாவியக் குடு" என்றார் அக்கா.

"அண்ணி, உங்க நல்லதுக்குத்தான். கொஞ்சம் மனசைக் கட்டுப்படுத்துங்க."

 அக்கா கருவிப் பெட்டியிலிருந்து சுத்தியலை எடுத்து வந்து பூட்டில் ஓங்கி அடித்தார். கொண்டி பெயர்ந்து விழுந்தது. சத்தம் கேட்டு அடுத்த வீட்டுக்காரர்கள் வாசலில் கூடிவிட்டார்கள். கணவர் கதவைச் சாத்தப் போனார்.

"சாத்தாதீங்க. திருட்டுத்தனமா தின்னது போதும். எல்லாரும் பாக்கட்டும்." அங்கேயே நின்று ரொட்டியைப் பிய்த்துத் தின்றார். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. "எனக்குப் பசியே இல்ல. இது ருசிக்கக்கூட இல்ல. வாய் வேண்டாங்குது, கை போகுது. இந்த வீட்ல ஒருத்தராவது என்னன்னு கேட்டீங்களா? மாட்டுக்கு வாய்ப்பூட்டு போடற மாதிரி பூட்டு போட்டீங்க!"

மறுநாளே டாக்டரிடம் போனார். டாக்டர் கையை நீட்டச் சொன்னார், விரல்களைத் தட்டச் சொன்னார். "அருமையா இருக்கே! எடைதான் ஏறியிருக்கு. நடைப்பயிற்சி பண்ணுங்க, சாப்பாட்டைக் குறைங்க" என்று சொல்லி, அடுத்தவரைக் கூப்பிட மணியை அழுத்தப் போனார். அக்கா நாற்காலியை விட்டு எழவில்லை.

"கையைப் பத்திச் சொல்லிட்டீங்க. மிச்ச உடம்பு என்னுதுதான், அதையும் கேளுங்க."

டாக்டர் கேட்டார். ரொட்டி, சர்க்கரை, கழிப்பறை, சுத்தியல் எல்லாம் கேட்டார். மணியிலிருந்து கையை எடுத்தார்.

"இதை ஆரம்பத்துலயே உங்ககிட்ட சொல்லியிருக்கணும், ஒவ்வொரு தடவையும் கேட்டிருக்கணும். தப்பு என்னுது. டோபமின் கையக் காலை அசைக்கறதுக்கு மட்டும் இல்லம்மா. ஒண்ணைப் பார்த்ததும் 'வேணும், இன்னும் வேணும்'னு மனசைத் தள்றதும் அதுதான். ருசி வேற, அந்தத் தவிப்பு வேற. இந்த மாத்திரை உங்க கையைச் சரிபண்ணப் போய், சிலருக்கு ஆகற மாதிரி, அந்தத் தவிப்பையும் கிளப்பிவிட்டுருச்சு."

"அப்ப நான் தீனிப்பண்டாரம் இல்லையே?"

"இல்லவே இல்ல."

"இதை என் வீட்டுக்காரர் முன்னாடி சொல்லுங்க. வெளியதான் உக்காந்திருக்காரு."

டாக்டர் அவரை உள்ளே கூப்பிட்டுச் சொன்னார். கணவர் தலையைக் குனிந்துகொண்டார். மாத்திரையை இன்றைக்கே தூக்கி எறியவா என்று அக்கா கேட்டதற்கு, திடீரென்று நிறுத்தினால் வேறு தொல்லை வரும், படிப்படியாகக் குறைத்து வேறொன்றுக்கு மாறலாம் என்றார் டாக்டர். ஆனால் கை இப்போதுபோல் ஆடாமல் நிற்கும் என்று உறுதி சொல்ல முடியாதாம்.

"ஆடினா ஆடிட்டுப் போகட்டும்" என்றார் அக்கா.

ஆடத்தான் செய்தது. மாத்திரை குறையக் குறைய அந்தத் தவிப்பு அடங்கியது. காலை நேரத்தில் மட்டும் விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை. மேலாளர் அவரை வீட்டிலேயே ஓய்வெடுக்கச் சொன்னார். "கத்தியைத்தான் குடுக்கறேன், மேசையை இல்ல" என்று அக்கா மின்கத்தியை என்னிடம் கொடுத்துவிட்டு, துணி வீணாகாதபடி அட்டை மாதிரிகளைத் துணிமேல் அடுக்கிக் கோடு போடுகிற வேலையை எடுத்துக்கொண்டார். இன்றும் நான் அவர் போட்ட கோட்டில்தான் வெட்டுகிறேன். சில இடங்களில் நெளிந்திருக்கும், ஆனால் அளவு தப்பாது.

ஏறிய எடையில் கொஞ்சம்தான் இறங்கியது. தொழிலாளர்களுக்குப் புது மேலங்கி வந்தபோது அக்கா அளவில் ஒன்றுகூட இல்லை.

"இருக்கறதுல பெருசைப் போட்டு, பட்டனைத் திறந்து விட்டுக்கோங்க" என்றார் மேலாளர்.

"துணி வெட்டற இடத்துல எனக்குத் துணி இல்லையா?" அக்கா மேலங்கி நிறத்திலேயே ஒரு நீலத்துணியை எடுத்து விரித்தார். அன்று என்னிடம் கத்தியைக் கேட்கவில்லை. பெரிய கத்தரிக்கோலை வலது கையில் பிடித்து, இடது கையால் மணிக்கட்டை அமுக்கிக்கொண்டு, தன் உடம்புக்குத் தானே வெட்டினார். நாங்கள் எந்திரங்களை நிறுத்திவிட்டுப் பார்த்தோம். யாரும் சிரிக்கவில்லை.

அந்த அங்கியைப் போட்டுக்கொண்டுதான் இப்போது சாப்பாட்டுக் கூடத்தில் நடு மேசையில் உட்காருகிறார். போன வாரம் பட்டன் துளைக்குக் காஜா எடுக்கிற பெண் அவர் தட்டை எட்டிப் பார்த்து, "போதுமாக்கா?" என்று இழுத்தாள்.

"போதும்னா நானே எந்திரிப்பேன். நீ உன் தட்டைப் பாரு" என்றார் அக்கா. சொல்லிவிட்டு இன்னொரு உருளைக்கிழங்கை எடுத்து, உப்புத் தூவி, நிதானமாக ருசித்துச் சாப்பிட்டார்.