பதினொரு தட்டும் ஒரு தையல் பெடலும்

எங்கள் இக்திமான் ஊரில் தொலைக்காட்சி பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்த மில்காவுக்கு எந்தப் பொருளையும் இருக்கிறபடி விட்டுவைக்கத் தெரியாது. ஒன்பது வயதில் வீட்டு ரேடியோவைப் பிரித்துப்போட்டுத் திரும்ப மாட்டினாள். அது பூனை மாதிரி கத்தியது. அப்பா பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு வந்தார். அவள் கையைப் பக்கத்தில் கொண்டுபோனால் கத்தல் ஏறுவதையும் விலக்கினால் இறங்குவதையும் பார்த்ததும் பெல்ட்டை மறந்துவிட்டு, "இன்னொரு தடவை செய், பாப்போம்" என்றார்.

நாற்பத்தாறு வயதுக்குள் அவள் செய்து தள்ளிய வாத்தியங்கள் கொஞ்சநஞ்சமல்ல. வாசல் மணிப் பொத்தான்களை வரிசையாகப் பதித்து ஓர் ஆர்கன் செய்தாள். டெலிபோன் டயலை வைத்து இன்னொன்று. எந்த எண்ணைச் சுழற்றினாலும் தவளை பாடும். கல்யாணமாகாதவள், பேச ஆளில்லாமல் ஒயரோடு பேசுகிறாள் என்று ஊர் சொல்லிக்கொண்டது. ஊருக்கு என்ன, வாய் வலிக்கவா போகிறது?

எண்பத்தேழாம் வருடம் ஜூனில் அவள் தம்பி டிங்கோ செர்ரி மரத்திலிருந்து விழுந்து வலது கையை முறித்துக்கொண்டான். தோள்வரை மாவுக்கட்டு, ஆறு வாரத்துக்கு. அவன் வெலிச்கோவின் கல்யாண பாண்டில் டிரம்ஸ் வாசிக்கிறவன். அதைத் தவிர வேறெதையும் அவன் வாழ்க்கையில் விரும்பிச் செய்ததில்லை. கிளாரினெட்காரர் வெலிச்கோ நலம் விசாரிக்க வந்தார். அதே மரத்துச் செர்ரியை ஒரு கிண்ணம் தின்று முடித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தார்.

"சனிக்கிழமை கல்யாணம் இருக்கு. பக்கத்து டவுன் பசார்ஜிக்லேர்ந்து ஒருத்தனக் கூப்புடலாம்னு இருக்கேன். ஒளிச்சுப் பேச மாட்டேன் டிங்கோ, வர்றவன் ஆறு வாரத்துல எந்திரிச்சுப் போக மாட்டான்."

டிங்கோ சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். மில்கா காலிக் கிண்ணத்தை வெலிச்கோவின் கையிலிருந்து வாங்கினாள்.

"யாரையும் கூப்புடாதீங்கண்ணே. சனிக்கிழமை தாளத்துக்கு நான் பொறுப்பு."

"நீயா? டிவிக்குள்ளேர்ந்து ஆள் எடுத்துத் தரப்போறியா?"

"எடுத்தாலும் எடுப்பேன்."

ஊர் மன்றத்தில், தானே டிரம்ஸ் அடிக்கும் ஒரு மின்சாரத் தாளப்பெட்டி தூசி தின்றுகொண்டிருந்தது. வெளிநாட்டுச் சரக்கு. வால்ட்ஸ், டாங்கோ என்று நாகரிகமாக நாலு தாளம் தெரியும். எங்கள் கோபானிட்சா ஆட்டம் அதற்கு எப்படித் தெரியும்? பதினொரு தட்டு, ஐந்து அடி; மற்ற அடிக்கெல்லாம் இரண்டு தட்டு, நடு அடி மட்டும் நீளம், மூன்று தட்டு. பதினாறு வரை எண்ணிவிட்டு முதலுக்குத் திரும்பும் பெட்டி அது. மில்கா மூடியைக் கழற்றி ஒரே ஒரு கம்பியைப் பற்றவைத்தாள். இனிமேல் பதினொன்றிலேயே திரும்பிவிடும். எந்தெந்தத் தட்டில் டிரம்ஸ் அடிக்க வேண்டும் என்பதற்கு வரிசையாகச் சின்னச் சின்னச் சுவிட்சுகள். புதன்கிழமைக்குள் வேலை முடிந்தது. பெருமையில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

வியாழக்கிழமை ஒத்திகை. மூன்றாவது சுற்றிலேயே வெலிச்கோ கிளாரினெட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டார்.

"என்னம்மா இது? எண்ணிக்கை சரியாத்தான் இருக்கு. ஆனா இதுக்கு எவன் ஆடுவான்? பேங்க்ல க்யூ நிக்கிற மாதிரி இருக்கு."

"பதினொண்ணு தானே கேட்டீங்க?"

"பதினொண்ணு யாரு கேட்டா? கோபானிட்சா கேட்டேன். நாளைக்குச் சாயங்காலம் பசார்ஜிக்குக்கு போன் போட்டுடுவேன், சொல்லிட்டேன்."

வெள்ளிக்கிழமை கடையில் படக்குழாயை மாற்றிக்கொண்டே மில்கா தன்னைத் திட்டிக்கொண்டிருந்தாள். பிறகுதான் உறைத்தது: அவள் வாழ்நாளில் ஒரு தடவைகூட ஆடியதில்லை. எல்லாக் கல்யாணத்திலும் ஒலிபெருக்கிக்குப் பின்னால் ஒயரைப் பிடித்துக்கொண்டு நிற்பவள் அவள். தாளத்தைக் காதால் எண்ணியிருக்கிறாளே தவிர, காலைக் கேட்டதில்லை.

மதியமே வீட்டுக்கு ஓடினாள். டிங்கோவை முற்றத்துக்கு இழுத்து வந்தாள்.

"நல்ல கையால தொடையில தட்டுடா. கோபானிட்சா."

"எதுக்கு?"

"ஆடப்போறேன்."

"நீயா? இரு, மெதுவா சிரிச்சுக்கறேன், கட்டு ஆடினா வலிக்குது."

தட்டினான். மில்கா கோழிகளுக்கு நடுவே ஆடினாள். கேவலமாகத்தான் ஆடினாள். ஆனால் கால் விஷயத்தைச் சொல்லிவிட்டது: நடு அடியில் கால் தூக்கியபடி ஒரு நொடி தொங்குகிறது. மூன்று தட்டுக்குச் சற்று அதிகம். எவ்வளவு அதிகம் என்பது சுற்றுக்குச் சுற்று மாறுகிறது. அதைப் பெட்டிக்குள் எப்படிப் பூட்டுவது? பூட்டவே கூடாது. வெளியே யாராவது பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

மூச்சு வாங்க நின்றாள். தம்பியின் கால் தரையில் தானாகவே தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

"டேய், ஒனக்குக் கை தானே ஒடைஞ்சுது?"

உள்ளே போய்த் தன் தையல் மெஷினின் மின்சார பெடலை ஒயரோடு பிடுங்கி வந்தாள். அழுத்தினால் வேகம், விட்டால் நிதானம். அந்தக் குணத்தை அப்படியே பெட்டிக்குக் கொடுத்தாள். அன்று சாயங்காலம் வெலிச்கோ வந்து தாளத்தைக் கேட்டார். பசார்ஜிக்குக்கு போன் போடவில்லை.

சனிக்கிழமை மணமகள் வீட்டு முற்றத்தில் இருநூறு பேர். கைகோத்து ஆடும் வரிசைக்கு முன்னால் கைக்குட்டையோடு ராங்கெல் தாத்தா, பெண்ணின் பெரியப்பா. தாளம் பிடிக்கவில்லை என்றால் கைக்குட்டையை இடுப்பில் செருகிக்கொண்டு போய் உட்கார்ந்துவிடுவார். அந்த பாண்டை அப்புறம் சுற்றுவட்டாரத்தில் எவனும் கூப்பிட மாட்டான். மில்கா வழக்கம்போல ஒலிபெருக்கிக்குப் பின்னால் நின்றாள்.

டிங்கோ பெடலில் கால் வைத்தான். பெட்டி தட்டத் தொடங்கியது. நடு அடியில் அவன் குதிகால் மெல்ல மேலெழ, தாளம் தொங்கியது, விழுந்தது. வரிசை நகர்ந்தது. கிழவர் சோதித்தார், சட்டென்று வேகம் கூட்டினார், பெட்டி கூடவே வந்தது. இழுத்துப் பிடித்தார், பெட்டியும் இழுபட்டது. கிளாரினெட் கிறுகிறுத்துக்கொண்டு மேலே போனது. பெண்கள் கீச்சிட்டார்கள். முற்றத்து மண் கிளம்பிப் பந்தலை மறைத்தது.

ராங்கெல் வரிசையை வளைத்து பாண்டுக்கு நேராகக் கொண்டுவந்தார். டிரம்ஸ்காரனைத் தேடினார். மடியில் மாவுக்கட்டோடு ஒருத்தன் தையல் மெஷின் பெடலை மிதித்துக்கொண்டிருந்தான்.

"யார்ரா செஞ்சது இத?"

டிங்கோ தாளத்தை விடாமல் தலையைப் பின்னால் சாய்த்துக் காட்டினான்.

கிழவர் ஆடிக்கொண்டே ஒலிபெருக்கியைச் சுற்றிப் போய், மில்காவின் கையில் கைக்குட்டையைத் திணித்தார். எங்கள் ஊரில் கைக்குட்டை யார் கையிலோ, ஆட்டம் அவர் பின்னால். இருபது வருடமாக அவர் அதை இன்னொருவருக்குக் கொடுத்து யாரும் பார்த்ததில்லை.

"எனக்கு ஆடத் தெரியாது தாத்தா!"

"பொய் சொல்லாத. தெரியாமயா இதச் செஞ்ச? நட!"

நடந்தாள். முதல் சுற்றில் தடுமாறினாள். நடு அடியில் அவள் கால் பயந்துபோய் அதிக நேரம் தொங்கியது. டிங்கோ அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். அது மண்ணைத் தொடும்வரை பெடலைப் பிடித்து வைத்திருந்தான். இருநூறு பேரும் அவளோடு தொங்கி, அவளோடு இறங்கினார்கள். மில்கா வாய்விட்டுச் சிரித்தாள். கைக்குட்டையைத் தலைக்கு மேல் தூக்கினாள்.

பாட்டுக்கு இடையே மூச்சு வாங்கக் கிடைத்த அரை நொடியில் வெலிச்கோ கத்தினார்: "டேய் டிங்கோ! கை எப்ப வேணா சேரட்டும். காலப் பத்திரமா பாத்துக்கோ, மரத்துல கிரத்துல ஏறாத!"